ஸ்ட்ரைப்பரை ஒருவழியாக நேரில் பார்த்தாச்சு

கிறிஸ்தவ ராக் என்றதும் ஒரு கீபோர்டு, ஒரு கிட்டார், கண்ணை மூடிக் கையைத் தூக்கியபடி நாலு பேர் என்று நினைத்தால், நீங்கள் ஸ்ட்ரைப்பர் கேட்டதில்லை என்று அர்த்தம். இவர்கள் வாசிப்பது அசல் ஹெவி மெட்டல். 1983இல் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் ராக்ஸ் ரெஜீம் என்ற பெயரில் ஆரம்பித்தார்கள். சீக்கிரமே பெயரை மாற்றி, உடுப்பு, கிட்டார், டிரம்ஸ் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் மஞ்சள் கறுப்புக் கோடு போட்டு, லோகோவுக்குக் கீழே ஏசாயா 53:5 என்று பைபிள் வசன எண்ணையும் எழுதிக்கொண்டு, குடியும் கூத்தும் பேர்போன லாஸ் ஏஞ்சலிஸ் கிளப்களில் போய் இயேசுவைப் பாடினார்கள். தைரியம்தான்.

நான் பார்த்ததும் அதே லாஸ் ஏஞ்சலிஸில்தான், ஒரு சின்ன கிளப்பில். பெரிய அரங்கத்தில் எறும்பு மாதிரி தெரியும் பேண்டைத் திரையில் பார்ப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். கூட்டத்தில் பாதிப்பேருக்குத் தலை நரைத்திருந்தது. இருக்கிற நாலு முடியையும் விரித்துப் போட்டுக்கொண்டு வந்தவர்களும் உண்டு. முதல் இரண்டு பாட்டுக்குக் குரலே கேட்கவில்லை, பேஸ் மட்டும் நெஞ்சில் வந்து இடித்தது. சவுண்டைப் பார்த்துக்கொண்டவர் யாரோ, நல்ல வேளையாக மூன்றாவது பாட்டில் விழித்துக்கொண்டார்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டும். டிரம்மர் என்றால் எந்தக் கச்சேரியிலும் சிம்பல்களுக்கு நடுவே ஒரு தலை தெரியும், அவ்வளவுதான். ராபர்ட் ஸ்வீட் டிரம்ஸையே பக்கவாட்டில் திருப்பி வைத்து உட்காருகிறார், அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான். அதனால் கை எங்கே போகிறது, கால் எப்படி மிதிக்கிறது, அடிக்கு முன்னால் குச்சி எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று எல்லாமே தெரிகிறது. தன்னை 'விஷுவல் டைம்கீப்பர்', அதாவது கண்ணுக்குத் தெரியும்படி தாளம் பிடிப்பவர், என்று சொல்லிக்கொள்வார், பந்தா என்று நினைத்திருந்தேன். நேரில் பார்த்தபின் அந்தப் பட்டத்தை நானே கொடுப்பேன்.

அவருடைய தம்பிதான் பாடகர் மைக்கேல் ஸ்வீட். 1963இல் பிறந்தவர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், அந்த வயதில் அந்தச் சுருதியில் கத்துகிறார், கத்திக்கொண்டே லீட் கிட்டாரும் வாசிக்கிறார். அவரும் இன்னொரு கிட்டாரிஸ்ட் ஆஸ் ஃபாக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்று இரட்டைக் கிட்டார் வாசிக்கும்போது ஒரே மெட்டை ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் பிடித்துக்கொண்டு இம்மி பிசகாமல் போனார்கள். இந்த ஆஸ் ஃபாக்ஸ் 2018இல் லாஸ் வேகஸ் மேடையிலேயே வலிப்பு வந்து விழுந்தவர், மூளையில் கட்டி இருப்பது அதன்பிறகுதான் தெரிந்தது. அந்த மனிதர் சிரித்துக்கொண்டே சோலோ வாசிப்பதைப் பார்க்கக் கொஞ்சம் தொண்டை அடைத்தது, மறைக்க விரும்பவில்லை.

'ஹானஸ்ட்லி' வந்ததும் எல்லாருடைய செல்போனும் மேலே போனது. அமெரிக்காவின் பில்போர்டு ஹிட் பட்டியலில் 23ஆம் இடம் வரை போன பாட்டு, இவர்களுடைய பெரிய ஹிட். எனக்கு என்னவோ அந்தக் காலத்து மெட்டல் பேண்டுகளின் மெதுவான காதல் பாட்டுகளே ஒத்துக்கொள்வதில்லை, தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். அதே 1986 ஆல்பத்தின் தலைப்புப் பாட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். 'டு ஹெல் வித் த டெவில்'. சாத்தானை நரகத்துக்கே போ என்று விரட்டுகிற பாட்டு. அதற்கும் ஆட்சேபம் சொன்னார்கள்! அட்டைப்படத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. ஜிம்மி ஸ்வாகர்ட் போன்ற டிவி பிரசங்கிகள் ஒரு பக்கம் திட்ட, மெட்டல் ரசிகர்கள் இன்னொரு பக்கம் கேலி செய்ய, நடுவில் நின்றே பிளாட்டினம், அதாவது பத்து லட்சம் பிரதி, விற்றார்கள். என் கட்சி எது என்றால், 'கிறிஸ்தவ' என்ற அடைமொழிதான் இவர்களுக்கு வினை. அது இல்லாமல் வந்திருந்தால் இந்தக் கிட்டார் வேலையைப் பற்றி எத்தனையோ பேர் பேசியிருப்பார்கள். ஆனால் அதை எடுத்துவிட்டால் இவர்கள் ஸ்ட்ரைப்பரே இல்லை, அதுவும் சரிதான்.

மேடையிலிருந்து கூட்டத்துக்குள் பைபிளின் புதிய ஏற்பாட்டுப் புத்தகங்களை வீசுவதை இன்னும் விடவில்லை. எனக்கு முன்னால் ஒருவர், கையில் பீர், முதுகில் மண்டையோடு போட்ட டி ஷர்ட், தாவிப் பிடித்தார். பிடித்த வேகத்தில் பீர் பாதி என் சட்டையில். மனிதர் நூறு தடவை ஸாரி சொல்லிவிட்டு, புத்தகத்தின் மேல் ஒட்டியிருந்த பேண்டு ஸ்டிக்கரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதைப் படிப்பாரா, அலமாரியில் வைப்பாரா, யார் கண்டது.

போகிறவர்கள் காதுக்கு அடைப்பான் எடுத்துப் போங்கள், சும்மா சொல்லவில்லை. எனக்கு மறுநாள் மத்தியானம் வரை 'ஙொய்' என்றுதான் இருந்தது.