சீனக்குடா எண்ணெய்க் குதங்களைப் பற்றி ஊருக்காக எழுதியபோது

2025 ஏப்ரல் 5ஆம் திகதி, திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கு இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் மூன்றும் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தன. அந்தக் கிழமையே ஒரு வாரப் பத்திரிகைக்கு எழுத முடிவெடுத்தேன். சர்வதேச உறவுகள் படிப்பிக்கிற என் போன்றவர்கள் ஆய்விதழுக்கு மட்டும் எழுதினால், திருகோணமலைச் சீனக்குடாவில் இருக்கிற எண்ணெய்க் குதங்களுக்கு, அதாவது பெரிய சேமிப்புத் தாங்கிகளுக்கு, பக்கத்தில் வாழும் சனத்துக்கு அது போய்ச் சேராது.

நீங்களும் பத்திரிகைக்கு எழுதுவதென்றால், முழுக்கட்டுரையையும் முதலில் ஆசிரியருக்கு அனுப்பவேண்டாம். என்ன சொல்லப்போகிறோம், ஏன் இப்போது என்று நாலு வரி போதும். என்னிடம் ஆயிரம் சொல்லுக்குள் கேட்டார்கள், சரி என்றேன்.

வரைவைப் பக்கத்து வீட்டு ஐயாவிடம் கொடுத்தேன். துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். ‘புவிசார் மூலோபாய முக்கியத்துவம்’ என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டே கேட்டார்: "அது கிடக்கட்டும் பிள்ளை, இப்ப இந்தக் குதமெல்லாம் ஆரிட்ட இருக்கு?"

அந்தக் கேள்விதான் கட்டுரைக்கு முதுகெலும்பு ஆனது. பிரித்தானியர் கட்டிய குதங்களில் இன்று கணக்கில் இருப்பவை 99. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக் கம்பனியான லங்கா ஐஓசியிடம் 14, இலங்கை அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம் 24. மிச்சம் 61உம் இரண்டும் சேர்ந்த கம்பனியிடம்; அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐஓசிக்கு 49 வீதம். இதை எழுதியபின் ‘மூலோபாயம்’ தேவைப்படவே இல்லை.

அப்புறம் 1987 ஜூலை 29. இலங்கை - இந்திய ஒப்பந்தம் என்றால் மாகாணசபைதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்தனவும் அன்று மாற்றிக்கொண்ட கடிதங்களில் நம் ஊர் இருக்கிறது: இந்திய நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவத்துக்கும் துறைமுகத்தை விடக்கூடாது, குதங்களைத் திருத்தி நடத்துவது இரு நாடுகளின் கூட்டு முயற்சி. கடிதத்தைத் தேடி எடுத்து வாசித்துவிட்டே எழுதுங்கள். அதைப் பற்றி மற்றவர்கள் எழுதியதை வைத்து எழுதவேண்டாம்.

தலைப்பு ஆசிரியர் பீடத்தின் கையில். அச்சுக்குப் போகமுன் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். எனக்கு வந்தது ‘திருகோணமலை விற்பனைக்கா?’ கேள்விக்குறி போட்டாலும் வாசிப்பவர் மனதில் நிற்பது விற்பனைதான். 2022 ஒப்பந்தத்தில் இருப்பதோ 50 வருடக் குத்தகை. ஏற்கெனவே காணி பற்றிய பயத்தோடு இருக்கிற ஊர் இது. விடாமல் பேசினேன், மாற்றினார்கள்.