அபர்ணா சென் படித்த இடங்கள்: கல்லூரித் தெருவிலிருந்து நிம்திதா வரை

ஜனவரியில் கொல்கத்தா போகிறேன் என்றதும் அலுவலகத்தில் ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தார்கள். ஹௌரா பாலம், விக்டோரியா நினைவு மண்டபம், காளிகாட், திரும்பி வரும்போது எல்லாருக்கும் ரசகுல்லா. "நீ எதைப் பார்க்கப் போற?" என்று கேட்ட நண்பனிடம், "ஒரு நடிகை படிச்ச காலேஜைப் பார்க்கணும்" என்றேன்.

"பெரிய படிப்போ?"

"பாதியில விட்டுட்டாங்க."

அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை.

கதை 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஐயர்' படத்தில் தொடங்குகிறது. 2002-இல் வந்த படம். கைக்குழந்தையோடு பேருந்தில் ஏறும் மீனாட்சி ஐயர் என்ற பெண்ணின் பேச்சைக் கேட்டு, எங்கேயோ மயிலாப்பூரில் பிடித்த பெண் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர் கொங்கணா சென் சர்மா, வங்காளி. டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் முடித்து வந்த கையோடு நடித்த படம். அந்த உச்சரிப்புக்காகச் சென்னையில் இரண்டு வாரம் தங்கி, தமிழ் வீடுகளில் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனித்திருக்கிறார். அவரைச் சென்னைக்கு அனுப்பி வைத்தவர் படத்தின் இயக்குநர், அதாவது அவருடைய அம்மா அபர்ணா சென். மகளுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது. அம்மாவுக்கு இயக்கத்துக்கும் திரைக்கதைக்கும். மகளை விட்டுவிட்டு நான் அம்மா பின்னால் போய்விட்டேன்.

அபர்ணா பிறந்தது 1945-இல், கொல்கத்தாவில். அப்பா சிதானந்த தாஸ்குப்தா திரைப்பட விமர்சகர். 1947-இல் சத்யஜித் ராயோடு சேர்ந்து கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர். ராய் முதல் படம் எடுப்பதற்கு எட்டு வருடம் முன்பு நடந்தது அது. கவிஞர் ஜீவனானந்த தாஸ் அம்மா வழியில் சொந்தம். இந்த வீட்டில் ஒரு குழந்தை சும்மா உட்கார்ந்திருந்தாலே பாதிப் படிப்பு ஆகிவிடும்.

பள்ளிப் படிப்பு, சையத் அமீர் அலி அவென்யூவில் உள்ள மாடர்ன் ஹை ஸ்கூலில். பாலிகஞ்ச் பக்கம் மஞ்சள் டாக்சியில் போனபோது அந்த வாசலைக் கடந்தோம். பெண்கள் பள்ளி, விடுகிற நேரம். வாசலில் நின்று படம் எடுப்பது சரியாக இருக்காது என்று இறங்கவில்லை.

அடுத்த நாள் காலேஜ் ஸ்ட்ரீட். தெரு முழுக்கப் பழைய புத்தகக் கடைகள். தகரப் பெட்டி அளவுக் கடைக்குள் ஒரு ஆள், அவரைச் சுற்றிக் கழுத்து வரை புத்தகம். நடுவில் பிரசிடென்சி, 2010 முதல் பல்கலைக்கழகம். ராய் இங்கே பொருளாதாரம் படித்தார். அபர்ணா ஆங்கில ஆனர்ஸ் சேர்ந்தார், பட்டம் வாங்கவில்லை. எதிர்ச் சந்தில் காபி ஹவுஸ். படியேறிப் போனால் உயரமான கூரை, நீளக் கம்பியில் தொங்கும் மின்விசிறிகள், தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்கள், சுவரில் ரவீந்திரர். கறுப்புக் காபிக்கு 'இன்ஃப்யூஷன்' என்று பெயர். நம் டிகிரி காபிக்குப் பழகிய நாக்குக்கு அது கஷாயம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்து மேசையில் இரண்டு பேர் முக்கால் மணி நேரம் குரல் உயர்த்திச் சண்டை போட்டதை வேடிக்கை பார்த்தேன். எனக்குப் புரிந்த ஒரே சொல் 'மிருணாள் சென்'.

அது பொருத்தமான சண்டைதான். 1965-இல் அபர்ணா நடித்த 'ஆகாஷ் குசும்' மிருணாள் சென் எடுத்தது. அதைப் பற்றி ராயும் மிருணாளும் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் கடிதம் மேல் கடிதம் எழுதி மோதிக்கொண்டார்கள். இரண்டு பெரிய இயக்குநர்கள் பொதுவெளியில் அடித்துக்கொள்ளும் படத்தில் நாயகியாக இருப்பதும் ஒரு வகுப்பில் உட்காருவது போலத்தான்.

அன்று மாலை சௌரங்கி லேன் போனேன். சதர் ஸ்ட்ரீட் பக்கத்தில், வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் மலிவு விடுதிகளுக்கு நடுவே ஒரு சின்னத் தெரு. அபர்ணா இயக்கிய முதல் படத்தின் பெயர் '36 சௌரங்கி லேன்', 1981. அதற்கு முன் பத்து வருடம் உத்தம் குமாரோடு 'மேம்சாஹிப்', சௌமித்ர சட்டர்ஜியோடு 'பசந்த பிலாப்' என்று வரிசையாக வெகுஜனப் படங்களில் நடித்துக்கொண்டிருந்தார். நல்ல வருமானம், நல்ல பெயர், ஆனால் மனசுக்கு அலுப்பு. அந்த அலுப்பில் உட்கார்ந்து எழுதிய திரைக்கதை அது. ராயிடம் படிக்கக் கொடுத்தார். கட்டாயம் எடு என்று சொன்ன ராய், தயாரிப்புக்கு சசி கபூரைக் கேட்டுப் பார் என்று வழியும் காட்டினார். சசி கபூர் தயாரித்தார். அவர் மனைவி ஜெனிஃபர் கெண்டல் நடித்தார். முதல் படத்துக்கே சிறந்த இயக்குநர் தேசிய விருது.

கதை என்னவென்றால், வயலெட் ஸ்டோன்ஹாம் என்ற ஆங்கிலோ இந்திய ஆசிரியை. ஷேக்ஸ்பியர் நடத்துகிறவர். பழைய மாணவி ஒருத்தி காதலனோடு வந்து, டீச்சர் வீட்டில் இல்லாத பகல் நேரத்தில் அந்த வீட்டைப் பயன்படுத்திக்கொள்கிறாள். டீச்சருக்கோ, வீட்டுக்கு ஆள் வந்துவிட்டதே என்ற சந்தோஷம். கடைசியில் யாரும் இல்லாத இரவில், தெரு நாய் ஒன்றுக்கு லியர் அரசனின் வரிகளைச் சொல்லிக்கொண்டு நடக்கிறார். ஆங்கில ஆனர்ஸை முடிக்காத ஒருவர், வகுப்பறையில் நின்று களைத்த ஒரு ஆங்கில டீச்சரை எவ்வளவு பிரியமாகப் பார்த்திருக்கிறார் என்று தோன்றியது. படிப்பைப் பாதியில் விட்டவர் என்று நண்பனிடம் நான் சொன்னது கொஞ்சம் அவசரம்தான்.

இரவு லேக் மார்க்கெட்டில் சாப்பாடு. கொல்கத்தாத் தமிழர்களின் பழைய பேட்டை. வாழைக்காய், முருங்கைக்காய், வெற்றிலை, மல்லிகைச் சரம் எல்லாம் நடைபாதையில் கிடைக்கும். பக்கத்து இருக்கையில் சாம்பாரை ருசித்துக்கொண்டிருந்த ஒரு மாமா, மூன்று தலைமுறையாக இங்கேதான் இருக்கிறாராம். மீனாட்சி ஐயர் தமிழ் எப்படி மாமா என்றேன். "தமிழ் கொஞ்சம்தானே பேசறா? அதுல தப்பு கண்டுபிடிக்கலாம். ஆனா அவ இங்கிலீஷ் பேசறா பாரு, அது அச்சு அசல் எங்க அத்தை பொண்ணு" என்றார். இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

இனி நிம்திதா. சொல்லப்போனால் இந்தப் பயணமே அதற்குத்தான்.

அபர்ணாவின் முதல் படம் 1961-இல், தாகூர் நூற்றாண்டுக்காக ராய் எடுத்த 'தீன் கன்யா'. மூன்று குறுங்கதைகள் சேர்ந்தது. ராய் தானே இசையமைத்த முதல் படமும் இதுதான். அதில் 'சமாப்தி' என்ற பகுதியில் மிருண்மயி என்ற துடுக்கான கிராமத்துப் பெண்ணாக வருகிறபோது அபர்ணாவுக்கு 15 வயது. அதற்கு முந்தைய வருடமே ஒரு கேமரா அவரைப் பிடித்திருந்தது. நியூசிலாந்துப் புகைப்படக்காரர் பிரயன் பிரேக், பருவமழை பற்றிய தொகுப்புக்காக, முதல் மழையில் முகம் தூக்கி நிற்கும் பெண்ணாக இவரை எடுத்தார். உலகம் முழுக்கப் போன படம். மழை மட்டும் பொய்: மொட்டை மாடியில், பூவாளியில் ஊற்றிய தண்ணீர்!

'சமாப்தி' படமானது முர்ஷிதாபாத் மாவட்டத்து நிம்திதாவில். பஹரம்பூரில் ஒரு இரவு தங்கி, காலையில் வாடகைக் காரில் வடக்கே போனேன். இரண்டரை மணி நேரம். வழியெல்லாம் கடுகு வயல் மஞ்சள், அதன் மேல் பனி. ஔரங்காபாத் என்ற ஊரைத் தாண்டியதும் (மகாராஷ்டிரத்து ஔரங்காபாத் வேறு) எனக்கு ஏதோ சொந்த ஊருக்குள் நுழைந்தது போல இருந்தது. வீட்டுக்கு வீடு திண்ணையில் பெண்கள், மடியில் சுளகு, சுளகில் பீடி இலை. நான் முக்கூடல் பக்கத்துக்காரன். இலையை ஈரத்தில் பதமாக்கி, தகரத் துண்டை அளவாக வைத்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி நூல் கட்டும் அந்த விரல் வேகம் நான் பிறந்ததிலிருந்து பார்த்தது. கணக்குக்கூட அங்கேயும் ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான்.

நிம்திதா ஜமீன் மாளிகை கங்கைக் கரையைப் பார்த்து நிற்கிறது. அக்கரைப் பக்கம் வங்கதேசம், அதனால் எல்லைக் காவல் வீரர்கள் அங்கங்கே தென்பட்டார்கள். வரிசையாகப் பெரிய தூண்கள். சுவர் வெடிப்பில் அரசங்கன்று. மாடிக் கைப்பிடி பாதி இல்லை. 'ஜல்சாகர்' படத்துக்காக முப்பது மாளிகை பார்த்துச் சலித்த ராய்க்கு, லால்கோலா டீக்கடையில் ஒரு முதியவர் சொன்ன இடம் இது. பிறகு பார்த்தால், அந்தக் கதையை எழுதிய தாராசங்கர் பந்தோபாத்யாய் மனதில் வைத்திருந்ததும் இந்த வீட்டு ஜமீன்தார் ஒருவரைத்தான்! ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே இருவரும் ஒரே வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

1960-இல் 'தேவி' படத்துக்கு ராய் மறுபடி இங்கே வந்தார். அதில் ஷர்மிளா தாகூர். மாமனார் கண்ட கனவால் ஒரு வாலிபப் பெண் உயிரோடு தெய்வமாக்கப்பட்டு, அசையாமல் உட்கார வைக்கப்படும் கதை. அடுத்த வருடம் இதே ஊரில் அபர்ணா மரம் ஏறிக்கொண்டிருந்தார். இரண்டு கதையிலும் கொல்கத்தாவில் படிக்கிறவன் கணவன்தான். பெண்ணுக்குப் படிப்பு கிடையாது. கேமராவுக்கு வெளியே இருவருமே பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஷர்மிளாவுக்கு, சினிமாவில் நடித்தாள் என்பதற்காகவே பள்ளி மாற வேண்டி வந்தது. அதை அவரே சொல்லியிருக்கிறார். அப்பாவே ஃபிலிம் சொசைட்டிக்காரர் என்பதால் அபர்ணாவுக்கு அந்தக் கணக்கு கொஞ்சம் லேசாக முடிந்தது என்று நினைக்கிறேன்.

'சமாப்தி'யில் மாப்பிள்ளையாக வரும் சௌமித்ர படகிலிருந்து இறங்கி, பளபளக்கும் சப்பாத்தோடு சேற்றில் வழுக்கி விழுவார். அதைப் பார்த்து மிருண்மயி சிரிப்பாள். நானும் அதே சேற்றில் ஒரு முறை வழுக்கலாம் என்று ஆசையாகப் போனால், ஜனவரி. கரை முழுக்கப் புழுதி. என் செருப்பு சாம்பல் பூசியது போல ஆனதுதான் மிச்சம்.

மாளிகைக்குச் சற்றுத் தள்ளி ஒரு வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், ஓட்டுநர் மூலம் தண்ணீர் கேட்டேன். "போஸோ, போஸோ" என்று உட்காரச் சொன்னார். தண்ணீரோடு ஒரு கிண்ணம் பொரியும் வெல்லமும் வந்தது. மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அரசு கொடுத்த நீல சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, இந்த ஆள் ஏன் இடிந்த வீட்டைச் சுற்றுகிறான் என்கிற மாதிரி பார்த்தாள். போனில் இறக்கி வைத்திருந்த 'சமாப்தி'யைக் காட்டினேன். சேற்றுக் காட்சியில் அவளும் சிரித்தாள். "மழைக்காலத்துல இப்படித்தான் இருக்கும் காக்கு" என்றாள். கல்யாண இரவில் மிருண்மயி ஜன்னல் வழியாக மரத்தில் இறங்கி, ஆற்றங்கரை ஊஞ்சலுக்கு ஓடுவாள். அந்த இடத்தில் போனை வாங்கி இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள். புடவையோடு இறங்குவது லேசில்லையாம். இவளுக்குப் பழக்கம் பத்தாது, டவுன் பொண்ணு என்று தீர்ப்பும் சொன்னாள்.

"இவங்க இப்ப இருக்காங்களா?"

"இருக்காங்க. படம் எடுக்கறாங்க."

சுளகிலிருந்து கண்ணை எடுக்காமல் அம்மா ஏதோ கேட்டார். ஓட்டுநர் இந்தியில் சொன்னார்: "எடுக்கறதுன்னா என்ன, கேமரா பிடிக்கறதா?"

"இல்ல தீதி. நடிக்கறவங்க, கேமரா பிடிக்கறவங்க எல்லாரையும் வேலை வாங்கறது."

ஓட்டுநர் அதை வங்காளத்தில் சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரித்துவிட்டார். "அப்ப முதலாளி" என்றார். கட்டுக்கு இருபத்தைந்து, பேச்சில் கணக்கு விட்டுப்போயிருக்க வேண்டும். கையிலிருந்த கட்டைப் பிரித்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.