தென்கடலில் ஒரு பழைய பாய்ப்படகு: முல்லைத்தீவிலிருந்து எழுதும் நாட்குறிப்பு

யூலை 9, 2025, புதன்

என் பெறாமகன், அக்காவின் பிள்ளை, பணியாளாகச் சேர்ந்திருக்கும் பாய்ப்படகு இன்று காலை இந்து சமுத்திரத்தின் கொக்கோஸ் தீவுகளிலிருந்து நங்கூரத்தைத் தூக்கி, மேற்கே ஏறத்தாழ 2,000 கடல் மைல் தொலைவிலுள்ள, மொரிசியசுக்கு உரிய ரொட்ரிக்ஸ் தீவை நோக்கிப் புறப்பட்டிருக்கிறது. இடையில் ஒதுங்குவதற்கு ஒரு கரையும் இல்லை. 36 அடி நீளமான அந்த மரப்படகு 1960களில் கட்டப்பட்டது. அதன் உரிமையாளரான முதியவர், அவருடைய மனைவி, எங்கள் பிள்ளை ஆகிய மூவர் மட்டுமே அதில் இருக்கிறார்கள். செய்மதித் தொலைபேசி வழியே நாளுக்கு ஒரு மின்னஞ்சல் வரும். படம் வராது, எழுத்து மட்டுமே வரும். அதை வாசித்து, வரைபடத்தில் புள்ளி வைத்து, இங்கே எழுதிவைப்பதாக என் அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவளுக்கு இதைவிட விருப்பமான வேலை வேறு என்ன கிடைத்துவிடப் போகிறது?

கொக்கோஸில் அவர்கள் தங்கியிருந்த டிரெக்‌ஷன் தீவுக்குப் பழைய பாய்க்கப்பலோடு தொடர்புடைய வரலாறு ஒன்று உண்டு. 1914 செப்டெம்பரில் சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல், அதே ஆண்டு நவம்பர் 9ஆம் திகதி அங்கிருந்த தந்தி நிலையத்தை அழிக்க ஓர் அணியைக் கரையிறக்கியது. அவ்வேளையில் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்து எம்டனைச் சிதைத்துவிட, கரையில் விடப்பட்ட ஐம்பது பேரளவிலான ஜெர்மானியர்கள் அங்கு நின்ற ஆயிஷா என்ற பழைய பாய்க்கப்பலைக் கைப்பற்றிச் சுமத்திராவின் படாங் துறைமுகம்வரை ஓட்டிச் சென்றார்கள். அந்தத் தண்ணீரில்தான் நேற்று மாலை குளித்ததாகப் பிள்ளை எழுதியிருக்கிறான்.

யூலை 11, வெள்ளி

காற்று கிழக்குத் தென்கிழக்கிலிருந்து மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் விடாமல் வீசுகிறதாம். நாளொன்றுக்கு 115 மைல் அளவில் படகு நகர்கிறது.

காவல் முறையைப் பற்றி இன்று விரிவாக எழுதியிருந்தான். ஒருவர் 3 மணித்தியாலம் விழித்திருக்க மற்ற இருவரும் உறங்கலாம். பிறகு அவருக்கு 6 மணித்தியாலம் ஓய்வு. ஒரு சுற்று 9 மணித்தியாலம் என்பதால் 24க்குள் அது சரியாக அடங்குவதில்லை. ஆகவே ஒருவருக்கே தினமும் விடிசாமம் வந்து விழாமல் முறை தானாகவே நகர்ந்துகொண்டிருக்கும். இரவில் தளத்துக்கு ஏறும் எவரும் உடம்பில் கட்டிய வாரின் கொளுக்கியைப் படகில் மாட்டாமல் ஓரடியும் வைக்கக் கூடாது என்பது முதியவரின் சட்டம். தவறி விழுந்தவரை இருட்டில், அந்த அலைக்குள், இரண்டு பேரால் தேடி எடுக்க முடியாது.

பக்கத்து வளவில் இருக்கும், மீன்பிடித் தொழில் நடத்தும் சம்மாட்டியார் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப சுக்கானை ஆர் பிடிக்கிறது ரீச்சர்? மூண்டு மணித்தியாலம் ஒருத்தன் பிடிச்சால் கை அறுந்து போகுமே" என்றார். எவரும் பிடிப்பதில்லை. படகின் பின்புறத்தில் ஒரு தகடு காற்றின் திசைக்கு நிமிர்ந்து நிற்கிறது. படகு தன் போக்கிலிருந்து விலகினால் காற்று அந்தத் தகட்டைச் சாய்க்கும். சாய்ந்த தகடு தண்ணீருக்குள் இருக்கும் துடுப்பு ஒன்றைத் திருப்பும். ஓடும் தண்ணீர் அந்தத் துடுப்பைப் பக்கவாட்டில் தள்ள, அதில் கட்டிய கயிறுகள் சுக்கான் பிடியை இழுத்துப் படகை மீண்டும் நேராக்கும். மின்சாரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். சம்மாட்டியார் மண்ணில் குச்சியால் கீறச் சொல்லி, இரண்டு தடவை விளக்கம் கேட்டு, மூன்றாம் தடவை அவரே எனக்கு விளக்கினார்.

யூலை 13, ஞாயிறு

இங்கே சோளகம் புழுதியை அள்ளி வீசுகிறது. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. பிள்ளையின் படகைத் தள்ளும் காற்றுக்கும் எங்கள் முற்றத்தைக் காயவைக்கும் காற்றுக்கும் உள்ள உறவை எத்தனையோ வகுப்புகளில் கரும்பலகையில் கீறியிருக்கிறேன். தென்கிழக்கு வியாபாரக் காற்று மத்திய கோட்டைக் கடந்ததும், புவியின் சுழற்சியால் வலப்புறம் திரும்பித் தென்மேற்குப் பருவக்காற்றாகிறது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வன்னிக்கு வரும்போது ஈரம் போன வெறும் சூடாக வந்து சேருகிறது. நாங்கள் சோளகம் என்று முணுமுணுப்பதன் தொடக்கம் அவனுடைய பாயில் இருக்கிறது.

அக்கா வழக்கமாகக் கடிதங்களைக் கேட்பதில்லை. தண்ணீரைப் பற்றி மட்டும் கேட்டாள். மூவருக்கும் 250 லீற்றர் இருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லீற்றர். குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் கடல்நீரில்தான். சோறு வடிக்கும்போது மூன்றில் ஒரு பங்கு கடல்நீரைக் கலந்தால் உப்புப் போட வேண்டியதில்லை, நன்னீரும் மிஞ்சும். உடுப்புகள் மட்டும் காய்வதேயில்லை என்கிறான். துணியில் படிந்த உப்பு இரவு ஈரத்தை மீண்டும் உறிஞ்சிக்கொள்வதால், படுக்கையும் தலையணையும் எப்போதும் பிசுபிசுவென்று இருக்கின்றனவாம்.

தெற்குப் பெருங்கடலிலிருந்து வரும் நீண்ட அலை ஒரு திசையிலும், காற்று எழுப்பும் அலை இன்னொரு திசையிலும் படகைப் பிடித்து உலுப்புகின்றன. இதனால் அடுப்பு இரு புறமும் அச்சில் தொங்குமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. படகு சாய்ந்தாலும் பானை சாயாது. முட்டைகளுக்கு வாசலின் பூசி, நாளுக்கு ஒருமுறை புரட்டிவைக்கிறார்கள். வெங்காயமும் பூசணியும் கோவாவும் நிலைக்கின்றன, தக்காளி போய்விட்டது. நான் அனுப்பிய மிளகாய்த்தூளில் பருப்புக்கறி வைத்தபோது முதியவரின் மனைவி இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாராம்.

யூலை 14, திங்கள்

இன்றைய அஞ்சலில் எனக்குப் பிடிக்காத செய்தி இருந்தது. படகுக்குள் தண்ணீர் கசிகிறது. காற்று இடப்புறத்திலிருந்து வருவதால் படகு நாள் முழுவதும் வலப்புறம் சாய்ந்தே ஓடுகிறது. வழக்கமாக நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் வலப்பக்கப் பலகை ஒன்று இப்போது தண்ணீருக்குள் கிடக்கிறது. அதன் பொருத்து வழியே நீர் வருகிறது. ஒரு காவலுக்கு 40 தடவை பம்பு அடிக்க வேண்டியிருக்கிறதாம்.

சம்மாட்டியார் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "வெயிலிலை காய்ஞ்ச பலகை சுருங்கும், நனைஞ்சால் ஊதும். ரெண்டு மூண்டு நாளிலை தானா அடைபடும், யோசியாதேங்கோ." அவருடைய தகப்பனார் காலத்தில் இந்தக் கரையில் மர வள்ளங்கள் நின்றன; பலகைகளின் இடுக்கில் பஞ்சைத் திணித்துக் கலப்பற்று அடிப்பது ஒரு தனித் தொழிலாக இருந்தது. இப்போது எல்லாம் பைபர் படகும் வெளியிணைப்பு இயந்திரமும்தான். பலகை ஊதுவதைப் பற்றிப் பேசுவதற்கு அவருக்கு நெடுநாளாக ஆள் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு மணித்தியாலம் இருந்து பேசிவிட்டுப் போனார்.

பேச்சினிடையே வல்வெட்டித்துறையாரின் அன்னபூரணியும் வந்தது. அங்கே கட்டப்பட்ட அந்தப் பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கி, ஃப்ளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயர் மாற்ற, வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை 1938இல் மசச்சூசெற்சின் குளொஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். "அவையளுக்குக் கப்பல், எங்களுக்குக் கரைவலை" என்று சொல்லிவிட்டு எழுந்தார் சம்மாட்டியார். அந்தக் குரலில் பொறாமை கொஞ்சம் இருந்தது. பெருமை அதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

யூலை 16, புதன்

படகு இன்று கிழக்கு 82½ பாகை நெடுங்கோட்டைத் தொட்டது. இலங்கையின் நியம நேரம் அந்தக் கோட்டுக்கு உரியது. ஆகவே, எங்கள் சுவர்க் கடிகாரம் 12 மணி 6 நிமிடம் காட்டியபோது அவனுடைய தலைக்குரிய நண்பகல். யூலை நடுவில் சூரியன் அந்த ஆறு நிமிடம் பிந்துவது வழக்கம். முதியவர் அந்த நேரத்தில் செக்ஸ்டன்றை எடுத்துச் சூரியனின் உச்ச உயரத்தை அளந்து அகலக்கோட்டைக் கணித்துக்கொள்கிறார். படகில் ஜிபிஎஸ் கருவி இரண்டு இருந்தும் இந்தக் கணக்கை அவர் ஒரு நாளும் விடுவதில்லையாம்.

யூலை 17, வியாழன்

இன்று அவன் முல்லைத்தீவுக்கு நேர் தெற்கே இருக்கிறான். நாங்கள் வட அகலக்கோடு 9 பாகையிலும் அவன் தென் அகலக்கோடு 16 பாகைக்குச் சற்று உள்ளேயும் இருப்பதால், நடுவில் 25 பாகை. பாகைக்கு 60 என்று 1,500 கடல் மைல். வரைபடத்தில் அடிமட்டத்தை வைத்துக் கோடு கீறி அக்காவுக்குக் காட்டினேன். பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் உலையைப் பார்க்கப் போய்விட்டாள். 2004 டிசம்பருக்குப் பிறகு அவளுக்குக் கடலின் படமும் பிடிப்பதில்லை.

யூலை 19, சனி

நள்ளிரவில் ஒரு குமுறல் மழையோடு வந்து, காற்றை 35 மைலுக்கு உயர்த்தி, இருபது நிமிடத்தில் கடந்துபோனது. முன்னமே பாயைச் சுருக்கியிருந்தார்கள். வெளிநாட்டிலிருக்கும் உறவினர்கள் இதைப் பற்றி மட்டும் கேட்டு எழுதுகிறார்கள். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

யூலை 21, திங்கள்

சம்மாட்டியார் சொன்னது பலித்திருக்கிறது. பம்பு ஒரு காவலுக்கு 12 தடவையாகக் குறைந்துவிட்டது.

இப்போதைய கவலை உராய்வு. படகு ஒரு நிமிடமும் அசையாமல் இருப்பதில்லை என்பதால், கயிறு கப்பியைத் தொடும் இடம், பாய் கம்பியைத் தொடும் இடம், இரும்பு இரும்பைத் தொடும் இடம் எல்லாம் இரவும் பகலும் தேய்ந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு விடியலிலும் ஒருவர் அணியத்திலிருந்து பின்பக்கம்வரை ஒவ்வொரு முடிச்சையும் கையால் தடவிப் பார்க்கிறார். கயிற்றை இரண்டொரு நாளைக்கு ஒருமுறை ஓரடி இழுத்து, கப்பியின் மேல் கிடந்த பகுதியை மாற்றுகிறார்கள். ஒரே இடம் தொடர்ந்து தேய்ந்தால் அந்த இடத்தில்தான் அறும். பாயின் தையல் ஒரு முழ நீளத்துக்கு விட்டுப்போயிருந்ததைப் பிள்ளை உட்கார்ந்து தைத்திருக்கிறான். காலையில் தளத்தில் செத்துக்கிடக்கும் பறவைக்கோலா மீன்களைப் பொறுக்குவதும் அதே நடையில்தான். பெரியவை பொரியலுக்கு, சிறியவை கடலுக்கு.

உறக்கம்தான் பெரிய பஞ்சம் என்கிறான். ஆறு மணித்தியாலம் என்பது கணக்கில்தான். சமையல், தையல், பம்பு எல்லாம் அதற்குள் நுழைந்துவிடுகின்றன. சம்மாட்டியாருக்கு இந்தப் பயணத்தில் விளங்காதது இது ஒன்றுதான். மாலையில் வலை விரித்து விடியலில் கரை சேரும் தொழிலில் கடலில் படுத்துறங்குவது என்பதே இல்லை.

யூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. விரதகாரர்கள் விடியவே கடற்கரையில் நிறைந்திருந்தார்கள். அத்தானுக்காக அக்காவும் வந்து, கரையில் நின்றபடியே ஒரு குடம் தண்ணீரை வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டாள். படகிலும் இருட்டு, புறப்பட்டபோது முழுநிலவு கூட வந்தது, இப்போது அலை வருவதைக் கண்ணால் அறிய முடியாமல் ஒலியால் அறிகிறார்களாம்.

யூலை 25, வெள்ளி

தீவுக்கு இன்னும் 60 மைல். நள்ளிரவுக்குள் போய்விடலாம், ஆனாலும் போக மாட்டார்கள். ரொட்ரிக்ஸைச் சுற்றிப் பவளப்பாறை வளைந்திருக்கிறது. வடகரையிலுள்ள போர்ட் மத்துரின் துறைமுகத்துக்குள் பாறைகளுக்கிடையே குறுகிய வழியால் நுழைய வேண்டும். ஆகவே இரவில் முன்பாயைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, சுக்கானை மறுபுறம் திருப்பிக் கட்டி, ஒன்றை ஒன்று மறுக்கும்படி விட்டுப் படகை ஏறக்குறைய நிறுத்திவைப்பார்கள். வழியெல்லாம் வேகத்தைக் கூட்டப் பாடுபட்டவர்கள் கடைசி இரவில் அதைக் குறைக்கப் பாடுபடுகிறார்கள். எனக்கு அந்த முதியவரில் மதிப்புக் கூடியது இன்றுதான்.

யூலை 26, சனி

காலையில் நங்கூரம் போட்டாயிற்று. சுகாதார அதிகாரிகளும் சுங்க அதிகாரிகளும் வந்து போயிருக்கிறார்கள். பிள்ளை பாண் வாங்கித் தின்றிருக்கிறான், நன்னீரில் குளித்திருக்கிறான்.

சம்மாட்டியாருக்குத் திருப்தியில்லை. நங்கூரத்தில் படகு நிமிர்ந்து நிற்கும்போது அந்த வலப்பக்கப் பலகை மறுபடி வெயிலில் காயும். மொரிசியசுக்குப் போகும்போது அதே காற்று, அதே சாய்வு, அதே கசிவு. "காலையும் பின்னேரமும் கடல் தண்ணியை அள்ளிப் பலகையிலை ஊத்தச் சொல்லுங்கோ. நனைச்ச சாக்குத் தொங்கவிட்டால் இன்னும் நல்லம்" என்றார். அப்படியே எழுதி அனுப்பினேன்.

பின்னேரம் பதில் வந்தது: "சின்னம்மா, முதலாளி சாக்குத் தேடிக் கடைக்குப் போயிருக்கிறார். அந்த அண்ணைக்கு நன்றி சொல்லச் சொன்னார். காற்று இப்படியே நின்றால் பத்து நாளில் மொரிசியசுக்கு வெளிக்கிடுவோம், 350 மைல்தான்."