ரோஸ்டேல் ஏற்றத்தில் மூன்று முயற்சிகள்

இங்கிலாந்தின் யார்க் நகருக்கு வடக்கே, நார்த் யார்க் மூர்ஸ் என்ற தேசியப் பூங்காவின் நடுவில், ரோஸ்டேல் ஆபி என்னும் சிற்றூரிலிருந்து ஸ்பான்டன் மூர் மேட்டுக்கு ஏறும் சாலைக்குச் சிம்னி பேங்க் என்று பெயர். நீளம் ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர்தான். ஆனால் அதன் மிகச் செங்குத்தான இடத்தில் சரிவு மூன்றுக்கு ஒன்று, அதாவது 33 விழுக்காடு. இந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு வரை மூன்று முறை அந்த ஏற்றத்தை மிதிவண்டியில் முயன்றேன். முதல் இரண்டு முறையும் பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். மூன்றாம் முறை தரையில் கால் ஊன்றாமல் மேலே சென்றேன். இடையில் என்னென்ன மாற்றினேன் என்பதைப் பதிவு செய்து வைக்கவே இதை எழுதுகிறேன்.

மூர் என்ற நிலத்துக்கு நேரான ஒரு சொல் தமிழில் எனக்குக் கிடைக்கவில்லை. மரமில்லாத உயர்ந்த வெளி. மண் அமிலத்தன்மை மிக்கது. பல இடங்களில் கரிய பீட் மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஹெதர் என்ற முழங்கால் உயரப் புதர். பார்ப்பதற்கு மனிதக் கை படாத காடு போலத் தோன்றினாலும், பழங்கால மக்கள் மரங்களை அழித்ததாலும், அதன்பின் நூற்றாண்டுகளாக ஆடுகள் மேய்ந்ததாலும் உருவான நிலம் இது. இன்றும் கிரவுஸ் பறவைக்காகப் புதரைத் திட்டுத்திட்டாக எரித்துப் புதுத்தளிர் விடச் செய்கிறார்கள். மரங்கள் இல்லை என்பது மிதிவண்டிக்காரருக்கு முதலில் உணர்த்துவது காற்றைத்தான். மேட்டுச் சாலையில் ஒதுங்குவதற்கு ஒரு வேலிகூடக் கிடையாது.

என் சுற்றுப்பாதை மூன்று முறையும் ஒன்றே. கிர்க்பிமூர்சைடிலிருந்து புறப்பட்டு, ஓடைக்கரைப் புல்தரையில் ஆடுகள் மேயும் ஹட்டன்-லி-ஹோல் வழியாக, பிளேக்கி ரிட்ஜ் என்னும் நீண்ட மலைமுதுகில் வடக்கே ஏற வேண்டும். ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் தனியே நிற்கும் லயன் இன் விடுதியைக் கடந்தால் யங் ரால்ஃப் கற்சிலுவை வரும். தேசியப் பூங்காவின் சின்னமாக இருப்பது அந்தச் சிலுவைதான். வழிப்போக்கர்கள் அதன் உச்சியில் காசு வைத்துவிட்டுப் போவார்கள் என்றும், இல்லாதவர் எடுத்துக்கொள்வார் என்றும் ஒரு வழக்கம் சொல்லப்படுகிறது. அதன் அருகில் வலப்புறம் திரும்பினால் ரோஸ்டேல் பள்ளத்தாக்குக்குள் நீண்ட இறக்கம். அடியில் ஊர், ஊரை விட்டு வெளியேறியதுமே சிம்னி பேங்க். அதன்மேல் ஏறி மறுபக்கம் ஹட்டன்-லி-ஹோலுக்குத் திரும்பினால், முழுச் சுற்றும் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

ஏப்ரல் முயற்சியில் என் வண்டியின் மிக எளிய கியர், முன்னால் 34 பல், பின்னால் 28 பல். சமவெளியில் அது தாராளமாகப் போதும். இறக்கத்தில் வந்த வேகத்தை விடாமல் ஏற்றத்தின் அடியில் பாய்ந்தேன். அது பெரும் தவறு. முந்நூறு மீட்டருக்குள் வேகம் முழுவதும் தீர்ந்து, மூச்சு மட்டும் இரைத்துக்கொண்டிருந்தது. கூர்வளைவுகள் தொடங்கும் இடத்தில் வண்டி நடைவேகத்துக்கும் கீழே போனது. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெளிவாகத் தெரிகிறது. அந்தக் கியரில் மிதியின் ஒரு முழுச் சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 2.55 மீட்டர் நகரும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் நிமிடத்துக்கு 33 சுற்றுதான். அவ்வளவு மெதுவாக மிதிக்கும்போது மிதி உச்சியில் வரும் ஒவ்வொரு முறையும் வண்டி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. கால் முழு எடையையும் தூக்க வேண்டியிருக்கிறது. வண்டியும் நானும் சேர்ந்து 82 கிலோ. 33 விழுக்காட்டுச் சரிவில் அந்த எடையை மணிக்கு 5 கிலோமீட்டரில் ஏற்ற ஏறத்தாழ 350 வாட் தேவை. அதைச் சில வினாடிகள் தர என்னால் முடியும். முன்பே மூச்சு வாங்கிய நிலையில் முடியாது.

ஆகவே பின்பக்கப் பல்சக்கரத் தொகுதியை 34 பல் வரை உள்ளதாக மாற்ற முடிவு செய்தேன். இதே எண்ணம் உள்ளவர்களுக்கு இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல்சக்கரத்தை மட்டும் வாங்கினால் போதும் என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி வாங்கிவிட்டேன். சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவிக்கு டிரெய்லியர் என்று பெயர். என் வண்டியின் பின் டிரெய்லியர் குட்டைக் கூண்டு வகை. 28 பல்லுக்கு மேல் அது ஏற்காது. பெரிய பல்லுக்கு மாற்றினால் மேல் உருளை பல்சக்கரத்தில் உரசியது. சங்கிலியும் நீளம் போதவில்லை. கடைசியில் நீளக் கூண்டு டிரெய்லியரும் புதிய சங்கிலியும் வாங்க வேண்டியதாயிற்று. டிரெய்லியர் ஏற்கும் அதிகபட்சப் பல் எண்ணிக்கையைத் தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் பார்த்த பிறகே பல்சக்கரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஜூன் மாதம் இரண்டாம் முயற்சி. முந்தைய இரவு பெய்த மழையில் சாலை ஈரமாக இருந்தது. 34க்கு 34 என்பதால் மிதியின் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர், அதே வேகத்தில் நிமிடத்துக்கு 40 சுற்று. ஏழு சுற்று கூடியதுதான் என்றாலும் முழங்காலில் அந்த வேறுபாடு உடனே தெரிந்தது. இம்முறை அடியிலிருந்தே மெதுவாகத் தொடங்கினேன். கூர்வளைவு வரை மூச்சு கட்டுக்குள் இருந்தது. அங்கே இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி மிதித்ததால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. பயந்து எழுந்து நின்று மிதித்தேன். எடை முன்னால் போனதும் ஈரத்தில் பின்சக்கரம் வழுக்கிச் சுழன்றது. இறங்கிவிட்டேன். அந்தச் சரிவில் மறுபடி ஏறி உட்கார்ந்து புறப்படுவதும் இயலவில்லை.

ஜூலை முழுவதும் வேறு ஏற்றங்களில் ஒன்றை மட்டும் பழகினேன். இருக்கையின் முன்முனைக்கு நகர்ந்து அமர்வது, முழங்கைகளை மடக்கி மார்பை ஹேண்டில்பாருக்கு அருகே தாழ்த்துவது, ஹேண்டில்பாரை மேல்நோக்கி இழுக்காமல் பின்னோக்கி இழுப்பது. இப்படி அமர்ந்தால் முன்சக்கரமும் எழும்பாது, பின்சக்கரத்தின் பிடியும் குறையாது. முதுகின் அடிப்பகுதி வலிக்கும்; ஆனால் வலிக்கிற நேரம் மிகக் குறைவு.

ஆகஸ்டில் மூன்றாம் முறை போனபோது மூர் முழுவதும் ஊதா நிறமாக மாறியிருந்தது. ஹெதர் வகைகளில் மிகுதியாக உள்ள லிங் பூப்பது இந்த மாதத்தில்தான். வெயில் காய்ந்த காலையில் அதன் தேன்மணம் பிளேக்கி ரிட்ஜ் நெடுகக் கூடவே வந்தது. வேலியற்ற சாலை என்பதால் ஆடுகள் தார்ச்சாலையின் சூட்டில் படுத்திருந்தன. ஏப்ரலில் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு: தாய் ஆடு ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் நின்றால், குட்டி நம் சக்கரத்தின் முன்னால்தான் ஓடிவரும் என்று வைத்துக்கொண்டு பிரேக்கில் விரலை வைத்திருக்க வேண்டும். கால்நடை கடக்காதிருக்கச் சாலையின் குறுக்கே பதித்த இரும்புக் கம்பித் தளங்களை ஹேண்டில்பாரைத் திருப்பாமல் நேராகவும், மிதிப்பதை நிறுத்தியும் கடக்க வேண்டும்.

இம்முறை செய்த மற்றொரு மாற்றம் இறக்கத்தில். முன்பு பள்ளத்தாக்குக்குள் இறங்கும்போது மிதிக்காமல் சும்மா வந்தேன்; கால்கள் குளிர்ந்து, அடியில் திடீரென்று முழு உழைப்பு கேட்டபோது மறுத்தன. இப்போது இறக்கம் முழுவதும் மெல்லச் சுழற்றிக்கொண்டே வந்தேன். ஊருக்குள் ஒரு நிமிடம் நின்று தண்ணீர் குடித்துவிட்டு, மேற்சட்டையைக் கழற்றிக்கொண்டு, மூச்சு வாங்காத வேகத்தில் தொடங்கினேன். கூர்வளைவின் உட்புறமே மிகச் செங்குத்தானது. எதிரே வண்டி வரவில்லை என்று மேல்வளைவு வரை தெளிவாகத் தெரிந்ததால் வெளிப்புறத்தை எடுத்தேன். காருள்ள நாளில் இதைச் செய்யக் கூடாது. அன்று இறங்கிவிடுவதே சரி. வளைவுகளுக்குப் பின் சரிவு தணிந்தாலும் மேலே மேற்குக் காற்று முகத்தில் அடித்தது. கடைசி நானூறு மீட்டரில் கியரை மாற்றாமலே சென்றேன்.

அடியிலிருந்து உச்சிக்கு 13 நிமிடம் 20 வினாடி.

உச்சியருகே பழைய சூளைகளின் கல்வளைவுகள் இருக்கின்றன. இங்கே தோண்டிய இரும்புத்தாதுவைச் சூட்டில் பதப்படுத்தி எடை குறைத்து, 1861இல் திறந்த ரயில்பாதையில் வடக்கே அனுப்பினார்கள். அந்தப் பாதை 1929இல் மூடப்பட்டது. சாலைக்குப் பெயர் தந்த உயர்ந்த புகைபோக்கியை 1972இல் இடித்துவிட்டார்கள். அந்த வளைவு ஒன்றின் கீழ் காற்றுக்கு ஒதுங்கி உட்கார்ந்து, கொண்டுவந்த இரண்டு வாழைப்பழங்களையும் தின்றேன். எதிரே பள்ளத்தாக்கின் மறுகரையில், பழைய ரயில்பாதை ஒரே மட்டமாகக் கோடு கிழித்தது போல் போய்க்கொண்டிருந்தது. அடுத்த மாதம் முன்பக்கப் பல்சக்கரத்தை 30 பல்லாக மாற்றி, சுற்றை நிமிடத்துக்கு 45க்கு மேல் கொண்டுபோக முடிகிறதா என்று பார்க்கப்போகிறேன்.