மின்தடை நாளிலும் அப்பாவின் ஆக்சிஜன் மிஷின் ஓடியது எப்படி?

அப்பாவுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன், தூங்கும்போதும் வேண்டும். வீட்டில் இருப்பது 5 லிட்டர் கான்சென்ட்ரேட்டர், அதாவது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மிஷின். ஏறக்குறைய 350 வாட் இழுக்கும். மதுரையில் நாங்கள் இருக்கும் பகுதியின் பெயரைப் போட்டு, 'பராமரிப்புப் பணி, காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை' என்று பேப்பரில் வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். இன்வெர்ட்டரில் 150 ஏ.ஹெச். பேட்டரி இருக்கிறது. 12 வோல்ட்டுக்குப் பெருக்கினால் 1,800 வாட்-மணி. ஆனால் இழப்பெல்லாம் போக, மூன்றரை மணி நேரம் மிஷின் ஓடினாலே பெரிது. மீதி நேரத்துக்கு என்ன வழி என்று கேட்கத்தான் டாக்டரின் கடிதத்தையும் மின் கட்டண அட்டையையும் எடுத்துக்கொண்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போனேன்.

உதவிப் பொறியாளர் பொறுமையாகக் கேட்டார். "வேலை எங்கே நடக்குதுங்கிறதுதாம்மா முக்கியம்" என்று ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். துணைமின் நிலையத்திலிருந்து 11 கே.வி. (11,000 வோல்ட்) மின்பாதை, அதாவது ஃபீடர், கிளம்பி, வழியில் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மராகத் தொட்டுக்கொண்டு வருகிறது. எங்கள் ஃபீடரின் கடைசிக் கம்பத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு துணைமின் நிலையத்தின் ஃபீடரும் முடிகிறது. இரண்டுக்கும் நடுவே ஓர் ஏ.பி. சுவிட்ச் (கம்பத்தின் மேலே கம்பிகளை இணைக்கவும் பிரிக்கவும் உதவும் சுவிட்ச்), எப்போதும் திறந்தே, அதாவது இணைப்பு இல்லாமல், இருக்கும். அதை மூடினால் எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மின்சாரம் வரும். இதைத்தான் அவர்கள் 'பேக் ஃபீட்' என்கிறார்கள்.

"அப்போ எல்லாருக்கும் அப்படியே கொடுத்துடலாமே சார்?" என்று கேட்டேன். அந்த ஃபீடர் தாங்க வேண்டுமே என்றார். சித்திரை வெயிலில் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும்போது இன்னொரு பகுதியின் சுமையையும் அதன் தலையில் ஏற்றினால் அதுவும் டிரிப் ஆகிவிடும். அப்புறம் இரண்டு ஏரியாவும் இருட்டு. இப்போது மழைக்காலம், சுமை குறைவு. எங்கள் டிரான்ஸ்ஃபார்மரையும் அடுத்த தெரு டிரான்ஸ்ஃபார்மரையும் மட்டும் மாற்றிப் போடலாம் என்றார். மரக்கிளை வெட்டி, இன்சுலேட்டர் மாற்றும் பகுதிக்கு மட்டும் கண்டிப்பாகச் சப்ளை கிடையாது. அங்கே ஆள் கம்பத்தில் ஏறுகிறார்.

வேலை நாளன்று தெருமுனைக்குப் போய் நின்று பார்த்தேன். லைன்மேன் அண்ணன் முதலில் போனில் துணைமின் நிலையத்தைப் பிடித்து ஃபீடரை ஆஃப் செய்யச் சொன்னார். ஏ.பி. சுவிட்சைச் சுமையோடு திறக்கக் கூடாதாம். பிறகு வேலை நடக்கும் பகுதியை எங்களிடமிருந்து பிரிக்கும் இன்னொரு ஏ.பி. சுவிட்சின் கைப்பிடியை, கம்பத்தின் கீழே நின்று இழுத்தார். மேலே மூன்று பிளேடுகளும் ஒன்றாகப் பிரிந்தது கண்ணுக்குத் தெரிந்தது. கைப்பிடிக்குப் பூட்டு. அதன் பிறகுதான் எப்போதும் திறந்திருக்கும் அந்தக் கடைசிக் கம்பத்துச் சுவிட்சை மூடி, எங்களுக்குச் சப்ளை கொடுத்தார்கள். வேலை நடக்கும் பகுதியில் எல்.சி. (லைன் கிளியர், மின்சாரம் நிறுத்தப்பட்டது என்ற அனுமதி) வாங்கி, மூன்று கம்பியையும் தரையோடு இணைக்கும் எர்த் ராடை மாட்டினார்கள். அதற்கு முன் ஒருவர்கூடக் கம்பத்தில் கால் வைக்கவில்லை.

"வீட்ல ஜெனரேட்டர் இருக்காம்மா? அதை பிளக்ல சொருகிடாதீங்க" என்றார் அண்ணன். வெளி லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் கொடுத்தால், மின்சாரம் சர்வீஸ் வயர் வழியே திரும்பிப் போகும். 240 வோல்ட்டாகப் போவது டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி, மேலே 11 கே.வி. கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக நிற்கும். செத்த லைன் என்று நம்பித் தொடுகிறவர் அங்கேயே போய்விடுவார். வாடகைக்குச் சின்ன ஜெனரேட்டர் எடுப்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்: வீட்டுக்கு வெளியே, புகை உள்ளே வராத இடத்தில் வைத்து, தனி ஒயர் இழுத்து மிஷினுக்கு மட்டும் நேரடியாகக் கொடுங்கள். உங்கள் வீட்டு நோயாளிக்காக இன்னொரு வீட்டின் ஆளைப் பணயம் வைக்க வேண்டாம்.

மாற்று ஏற்பாடு என்றால் கரண்டே போகாது என்று நினைத்துவிடக் கூடாது. காலையில் மாற்றும்போதும், சாயங்காலம் எல்.சி. திருப்பிக் கொடுத்துப் பழையபடி மாற்றும்போதும் சிறிது நேரம் போயிற்று. அந்த இடைவெளியை இன்வெர்ட்டர் பார்த்துக்கொண்டது. ஃபீடரின் கடைசியில் இருந்ததால் வோல்டேஜ் சற்றுக் குறைவாகவே வந்தது. மிஷினுக்கு ஸ்டெபிலைசர் இருந்ததால் அலாரம் அடிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பி-டைப் சிலிண்டர் ஒன்றை நிரப்பி வைத்திருந்தேன். அதில் ஏறக்குறைய 1,500 லிட்டர். 2 லிட்டர் கணக்கில் 12 மணி நேரம் தாங்கும். அதைத் திறக்க வேண்டியே வரவில்லை.

சப்ளை பழைய பக்கத்துக்கு மாறியதும், த்ரீ ஃபேஸ் போர் மோட்டார் உள்ள வீடுகளில் தண்ணீர் சரியாக ஏறுகிறதா என்று அண்ணன் கேட்டுவிட்டுத்தான் போனார். ஃபேஸ் வரிசை மாறியிருந்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுமாம்.

எங்கள் மின் இணைப்பு எண்ணோடு 'ஆக்சிஜன் நோயாளி' என்று பிரிவு அலுவலகத்தில் குறித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அறிவிப்பு வரும் வரை காத்திருக்காதீர்கள். டாக்டர் கடிதத்தின் நகலை இப்போதே கொடுத்து வையுங்கள். அறிவிப்பு வந்ததும் 'என் டிரான்ஸ்ஃபார்மரை வேறு ஃபீடரில் போட முடியுமா?' என்று நேராகவே கேளுங்கள். முடியாது என்றால் அதை முந்தின நாளே தெரிந்துகொண்டால்தான் சிலிண்டருக்குச் சொல்லி வைக்க முடியும். அவசரத்துக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987.