ஸ்டெய்னருக்காக ஒரு பெரிய வெள்ளி

லண்டனில் பேக்கர் ஸ்ட்ரீட் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் மேடம் டுசாட்ஸ் வாசலில் நீண்ட வரிசை. பெரிய வெள்ளி, ஊரெங்கும் விடுமுறை. மெழுகுப் பொம்மைகளைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தேன். ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்குக்கு எதிரே உயரமான தூண்களோடு நிற்கிறது செயின்ட் மேரிலபோன் ஆலயம். கவிஞர் ராபர்ட் பிரவுனிங் 1846இல் எலிசபெத் பாரெட்டை அவர் அப்பாவுக்குத் தெரியாமல் கைப்பிடித்தது இங்கேதான். நான் போனது இசையமைப்பாளர் ஜான் ஸ்டெய்னரின் 'தி குரூசிஃபிக்ஷன்' கேட்க. இயேசுவின் சிலுவைப்பாடுகளைச் சொல்லும் இசைப் படைப்பு அது. 1887 பிப்ரவரி 24 அன்று முதன்முதலில் அதைப் பாடியது இதே ஆலயத்தில். இன்றும் பெரிய வெள்ளிதோறும் பாடுகிறார்கள்.

ஸ்டெய்னர் அப்போது செயின்ட் பால்ஸ் கதீட்ரலில் ஆர்கன் வாசித்தவர். ஆனாலும் சாதாரண ஆலயக் கொயருக்கும், அதாவது பாடகர் குழுவுக்கும், எட்டுகிற மாதிரிதான் எழுதினார். தனியாகப் பாட உயர்ந்த ஆண்குரலில் ஒரு டெனர், தாழ்ந்த ஆண்குரலில் ஒரு பாஸ். மற்றபடி கொயரும் ஆர்கனும், அவ்வளவுதான். நடுநடுவே சபையாருக்கென்று ஐந்து பாட்டுகள், நம் தமிழ்ச் சபைகளின் பாமாலைப் பாட்டுகள் போல. கேட்கப் போன நானும் தாளைப் பிடித்துக்கொண்டு எழுந்து பாடினேன்.

இதில் சர்க்கரை தூக்கல் என்று சொல்கிறவர்கள் உண்டு. பொய்யில்லை. இயேசுவைச் சிலுவையில் அறையக் கல்வாரி மலைக்குக் கொண்டுபோகும் ஊர்வலத்தில் ஆர்கன் போடும் மார்ச், சாகப் போகிறவருக்குப் பின்னால் நடக்கிற மாதிரியா இருக்கிறது? எனக்கும் நெளிந்தது.

அப்புறம் ஆர்கன் நின்றது. துணையே இல்லாமல் கொயரின் நான்கு வகைக் குரல்கள் மட்டும், மூன்று எண்ணிக்கைத் தாளத்தில், தாலாட்டு வேகத்தில் 'காட் ஸோ லவ்டு த வேர்ல்டு'. பைபிளில் யோவான் 3:16 வசனம். முன்வரிசையில் யாரோ தாள் புரட்டியதுகூடக் கேட்டது. மிக உயர்ந்த குரலான சோப்ரானோ மேலே ஏறும்போதும் யாரும் கத்தவில்லை.

ஞாயிறு பள்ளியில் இந்த வசனத்தை இரண்டு மொழியிலும் மனப்பாடம் செய்தவன் நான். ஆங்கிலத்தில் அன்பு முதலில் வரும். நம் வேதாகமத்தில் குமாரன், விசுவாசம், நித்தியஜீவன் எல்லாம் வந்தபின், கடைசியில்தான் 'இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்'. ஸ்டெய்னர் நித்தியஜீவன்வரை போனார், அங்கே நிறுத்தவில்லை. தொடங்கிய வார்த்தைகளுக்கே திரும்பி வந்தார். ஒருமுறை, இன்னொருமுறை, ஒவ்வொரு தடவையும் இன்னும் மெதுவாக. தமிழ் வசனம் முடிகிற இடத்தில்தான் அவர் பாட்டும் முடிந்தது.