வலை இழுத்த தோளும் ஊசியும்

ஏப்ரல் 15-ஆம் தேதி தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்டதும், பாம்பன், மண்டபம், தொண்டி என்று எல்லா ஊரிலும் தோள்வலிக்காரர்கள் வைத்தியம் தேடி வருவார்கள். தைலம் தேய்த்தும் வலி மாத்திரை போட்டும் பத்து மாதம் தள்ளிப்போட்ட வலி அது. தடை 61 நாள். வாரத்துக்கு இரண்டு முறை, ஆறேழு வாரம் அக்குபங்சர் செய்ய இதைவிட நல்ல காலம் கிடையாது, அந்த நாட்களில்தான் தோளுக்கு ஓய்வு. மற்ற மாதங்களில் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வரச் சொல்ல வேண்டும். ஊசி வைத்த அன்று இரவே வலை இழுத்தவருக்கு மறுநாள் வலி கூடித்தான் இருக்கும். ஊசி ஒத்துக்கவில்லை என்று நின்றுவிடுவார்.

முதல் பத்து நிமிடம் ஊசிப் பெட்டியைத் தொடவே கூடாது. முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். அவராலும் திருப்ப முடியவில்லை, நாம் பிடித்துத் திருப்பினாலும் நகரவில்லை என்றால் பெரும்பாலும் மூட்டுறை இறுகிய தோள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும், ஆறவும் நாளாகும். நாம் தூக்கினால் கை போகிறது, அவராகத் தூக்கும்போது நடுவழியில், 60 பாகைக்கும் 120-க்கும் இடையில் சுரீரென்கிறது என்றால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் உரசுகிறது. நாம் தூக்கிவிட்ட கையை அவரால் நிறுத்த முடியாமல் பொத்தென்று விழுந்தால் தசைநாண் அறுந்திருக்கலாம்; ஸ்கேனுக்கு அனுப்புங்கள். வலி முழங்கைக்குக் கீழே இறங்கி விரல் மரத்தால் கழுத்தைப் பாருங்கள். வேகமாக நடந்தால் இடது தோள் வலிக்கிறது, நின்றால் குறைகிறது என்பவருக்கு அது இதயத்தின் வலியாக இருக்கலாம்; வேண்டியது ஈசிஜி, அதுவும் அன்றைக்கே.

இந்தக் கரைக்கென்று ஒரு கேள்வி உண்டு: "சங்கு குளிக்கப் போவீங்களாண்ணே?" கம்ப்ரசர் குழாயில் மூச்சு வாங்கி ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வருபவர்களுக்கு, இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகிப் பெரும்பாலும் தோளையும் முழங்கையையும்தான் பிடிக்கும். மேலே வந்த சில மணி நேரத்தில் தொடங்கிய வலி அப்படிப்பட்டது என்றால் அதற்குப் பிராணவாயுவும் அழுத்த அறைச் சிகிச்சையும் வேண்டும். பல ஆண்டு அப்படி மூழ்கியவரின் தோளெலும்புத் தலையே உள்ளுக்குள் செத்துப்போயிருக்கவும் கூடும். எக்ஸ்ரே எடுக்காமல் அந்தத் தோளில் ஊசி வைப்பது தவறு.

அடுத்த கேள்வி சாப்பாடு. விடியலில் கரை சேர்ந்து, மீனை ஏலம் விட்டு, வெறும் டீயோடு வந்து உட்காருபவர் மூன்றாவது ஊசியில் வியர்த்துச் சரிவார். சாப்பிட வைத்து, படுக்க வைத்துத்தான் தொடங்க வேண்டும். மயக்கம் வந்தால் எல்லா ஊசியையும் எடுத்துவிட்டு, மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். தோலில் உப்பும் மீன் செதிலும் ஒட்டியிருக்கும். அதன்மேல் ஸ்பிரிட்டைத் தடவிப் பயனில்லை. முதலில் சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, பிறகு 70 சதவீத ஆல்கஹால், அதுவும் காய்ந்த பிறகே ஊசி. 0.25 மி.மீ. தடிமனும் 40 மி.மீ. நீளமும் உள்ள, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி போதும். கடற்காற்றில் உறை நமுத்தோ பிரிந்தோ இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

கையைப் பக்கவாட்டில் உயர்த்தினால் தோள் முனையில் முன்னும் பின்னுமாக இரண்டு குழி விழும். அக்குபங்சர் புள்ளிகளுக்கு அவை இருக்கும் பாதையின் பெயரும் எண்ணும்தான் பெயர்: முன்குழி பெருங்குடல் 15, பின்குழி மூவெப்பமண்டலம் 14. எல்லோரும் இந்த இரண்டையும் வைப்பார்கள். வலை இழுப்பவருக்கு நான் முதலில் தேடுவது சிறுகுடல் 11. தோள்பட்டை எலும்பின் பின்பக்கம், மேட்டுக்குக் கீழே உள்ள பள்ளத்தின் நடு. நோயாளி தோளின் முன்பக்கத்தைத் தொட்டு "இங்கதான்" என்பார். பின்னால் இந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு அகப்படும். அவர் காட்டிய அதே முன்பக்க வலி கிளம்பும். ஊசி அங்கே இறங்கித் திருகும்போது "உளையுது" என்றால் சரியான இடம். "ஷாக் அடிக்குது" என்றால் நரம்பு, உடனே பின்வாங்குங்கள். தசை இறுகி ஊசி சிக்கினால் இழுக்காதீர்கள். இரண்டு நிமிடம் விட்டு, பக்கத்தில் மெல்லத் தட்டினால் தானே விடும். 20 முதல் 30 நிமிடம் இருக்கட்டும். வைத்தது எத்தனை, எடுத்தது எத்தனை என்று எண்ணி எழுதுங்கள்.

பித்தப்பை 21-இல் எனக்குப் பயம் உண்டு, எல்லோருக்கும் இருக்க வேண்டும். பின்கழுத்தின் அடியில் துருத்தும் எலும்புக்கும் தோள் முனைக்கும் நடுவில், நேர் கீழே நுரையீரலின் உச்சி. ஒல்லியான உடம்பில் செங்குத்தாக இறக்கினால் நுரையீரலில் காற்றுக் கசிவு வரலாம். தசையைக் கிள்ளித் தூக்கிப்பிடித்து, அந்த மடிப்புக்குள் மட்டும் கிடையாக ஊசி போக வேண்டும். நெஞ்சுவலி, வறட்டு இருமல், மூச்சிரைப்பு சில மணி நேரம் கழித்தும் வரும். அன்றிரவு கடலுக்குப் போகிறவருக்கும், மறுநாள் மூழ்கப் போகிறவருக்கும் இந்தப் புள்ளியைத் தொடாமல் விடுவதே நல்லது. கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம்.

"குணமாகுமா?" என்று கேட்பார்கள். தோள்வலி பற்றி 2010-இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் 424 பேர். ஆறு வாரத்தில் 15 அமர்வு. மூன்று மாதம் கழித்து வலி பாதியாவது குறைந்தவர்கள் அக்குபங்சரில் 65 சதவீதம், போலி ஊசியில் 24, மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்த வழக்கமான சிகிச்சையில் 37. ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2005 தொகுப்பு, உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்றது. அதனால் "வலி குறைய நல்ல வாய்ப்பு இருக்கு, ஆறு தடவையில் ஒன்றும் தெரியலைன்னா வேற பார்ப்போம்" என்பதே நேர்மையான பதில். அந்தக் கணக்கு ஊசிக்கு உரியது. ஊசி இல்லாமல் விரலால் தொட்டு மட்டும் செய்யும் தொடு சிகிச்சைக்கு அதைக் காட்டக் கூடாது. "சர்க்கரை மாத்திரையை நிறுத்துங்க" என்று சொல்பவரிடம் தோளை மட்டுமல்ல, எதையும் காட்டக் கூடாது என்று நோயாளியிடம் சொல்லுங்கள். சர்க்கரை ஏறினால் இறுகிய தோள் இளகாது, ஊசி வைத்த இடத்தில் சீழும் பிடிக்கலாம்.

ஊசி எடுத்த பிறகு சில மணி நேரம் வலி தணிந்திருக்கும். அப்போதுதான் கையை அசைக்க வேண்டும். குனிந்து நின்று, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து ஊஞ்சல்போல இரண்டு நிமிடம். பிறகு சுவரில் விரல்களால் ஏறிப்போய், எட்டிய இடத்தில் பென்சில் கோடு. கடல்பாசி எடுக்கும் அக்காமாருக்கு இந்தக் கோடுதான் நம்பிக்கை. "வலி அப்படியேதான் இருக்கு" என்பார்கள். கோடு நான்கு விரல் ஏறியிருக்கும்.

ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடியும். முதல் இரண்டு வாரம் இழுக்கும் பக்கத்தை மாற்றி மாற்றி நிற்க வேண்டும், கையைத் தோளுக்குமேல் உயர்த்தி இழுக்காமல் இடுப்பால் சாய்ந்து இழுக்க வேண்டும். இதைச் சீட்டில் எழுதிக் கொடுப்பதைவிட, உடன் வருபவரையும் நிறுத்திவைத்து, ஒரு கயிற்றைத் தூணில் கட்டி இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.